சிறுவர்க்கு வாய்பாடு

எண்ணையும் எழுத்தையும் மக்கட்கு இரு கண்களாக வைத்துப் போற்றுதல் நம் முன்னோர் கொள்கை. அவ்விரண்டனுள் எழுத்தென்னுங் கண்ணைப்பற்றி நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் ஆண்டுதோறும் பலர் எழுதுகின்றனர். எண்ணென்னுங் கண்ணைப்பற்றி எழுதுவார் அரியர். அது கணித மாணவர்க்குரிய பொருளென்று நாம் ஒதுங்கிவிடுகின்றோம். ஆயினும், ஏழெட்டு அகவைச் சிறுவர் முதன்முதல் எதிர்ப்படும் பெருக்கல் வாய்பாடு எண்ணைப் பொருளாகவும் சொல்லையும் ஓசையையும் உடம்பாகவுங் கொண்டது. ஆதலின், தமிழ் பயில்வாரும் அதனைப்பற்றிச் சில கூறுதற்கு உரியர் என்னுந் துணிவினால் இதனை எழுதலானேன்.

வாய்பாட்டைப்பற்றி இந்நாளில் மூவகைக் கொள்கைகள் வழங்குகின்றன. ஒரு சாரார், "சட்டைப் பையிலுள்ள தொலைபேசியே கணக்கிட்டுத் தருங் காலத்தில் வாய்பாடு எதற்கு?" என்பர். மற்றொரு சாரார், "பொருளுணராது ஒப்பித்தல் கிளிப்பிள்ளைக் கல்வி, சிறுவர் பெருக்கலின் பொருளை உணர்ந்தாற் போதும், மனப்பாடம் வேண்டா" என்பர். மூன்றாஞ் சாரார், "எங்கள் காலத்தில் பிரம்புக்கு அஞ்சிப் பதினாறாம் வாய்பாடுவரை நெட்டுருச் செய்தோம், இக்காலத்துப் பிள்ளைகட்கும் அதுவே மருந்து" என்பர். இம்மூன்றும் குறைபாடுடையன என்பதே என் கருத்து. வாய்பாடு சிறுவனுக்கு இன்றியமையாதது. அது மனத்தில் நிலைத்தே ஆகவேண்டும். ஆயின், பொருள் முன்னும் ஒப்பித்தல் பின்னுமாக, அச்சமின்றி, நம் மொழியின் துணைகொண்டு அது கற்பிக்கப்படல் வேண்டும்.

இஃதொரு சிறு செய்தியன்றோ, இதற்கு இத்துணை ஆரவாரம் ஏன் எனச் சிலர் வினவலாம். நம் நாட்டு ஊர்ப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராய்ந்து வெளியிடப்படும் அசர் அறிக்கையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் 100க்கு ஏறக்குறைய 31 பேரே மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வல்லரென்று கூறுகின்றது. எஞ்சிய 69 பேரும் அறிவிற் குறைந்தவரல்லர். அன்னார் தடுக்கி விழும் இடத்தை நாம் நோக்கவேண்டும்.

392ஐ 7ஆல் வகுக்க முயலும் ஒரு சிறுமியைக் கருதுவோம். 39இல் எத்தனை ஏழு உளவென்று அவள் அறிதல் வேண்டும். ஐயேழு முப்பத்தைந்து என்பது அவள் நாவில் நின்றால், 4 எஞ்சியதென்று கண்டு, அடுத்த இலக்கத்தைச் சேர்த்து 42 ஆக்கி, ஆறேழு என்று முடித்து, விடை 56 என எழுதுவள். வாய்பாடு நில்லாதவளோ, பலகையின் ஓரத்தில் ஏழேழு கோடுகளாக இழுத்து எண்ணத் தொடங்குகின்றாள். எண்ணி முடிப்பதற்குள், தான் எதன்பொருட்டு எண்ணினாள் என்பதே மறந்துபோகின்றது. மனித உள்ளம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய பொருள்கள் சிலவே. அச்சிற்றிடத்தைக் கோடுகள் நிரப்பிவிட்டால், வகுத்தலின் முறைக்கு அங்கே இடமில்லை. பின்னர்ப் பின்னமும் விழுக்காடும் வட்டியும் வரும்போதெல்லாம் இவ்விடர்ப்பாடே நேர்கின்றது. "எனக்குக் கணக்கு வராது" என்று பத்து அகவையில் ஒரு பிள்ளை தன்னைத்தானே தீர்ப்பிட்டுக்கொள்ளுதற்கு இஃதொரு பெருங் காரணம். அத்தீர்ப்பு வாழ்நாள் முழுதும் மாறாது நின்றுவிடுதலையும் நாம் காண்கின்றோம்.

தொலைபேசியை நம்புவார்க்கு விடை இதனுள்ளேயே அடங்கும். கருவி விடையைத் தரும். விடை தகுமா தகாதா என்று ஐயுறும் அறிவைத் தராது. விரல் தவறி 7 பெருக்கல் 8க்கு மாறாக 7 பெருக்கல் 80 என்று அழுத்திவிட்டவன், உள்ளத்தில் 56 என்னும் எண் இல்லையாயின், 560 என்று தோன்றியதை அவ்வாறே கொள்வான். முற்போக்கு நாடுகள் வாய்பாட்டைக் கைவிட்டன என்பாரும் உளர். இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டு முதல் நான்காமாண்டு மாணாக்கர்க்கு வாய்பாட்டுத் தேர்வொன்று கட்டாயமாக நடத்தப்படுகின்றது. வினாக்கள் 25, வினா ஒன்றுக்கு 6 நொடியே காலம். அத்துணை விரைவு சிறுவர்க்கு வேண்டுமா என்பது வேறு வினா. கருவிகள் மலிந்த நாடும் வாய்பாட்டை விட்டிலது என்பதற்கு இது போதிய சான்று.

இனி, நம் நாட்டுப் பழைய முறையைச் சிறிது நோக்குவோம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்றொரு நூல் பயிலப்பட்டது. முழுவெண் வாய்பாடுகளோடு கால், அரை, முக்கால் என்னும் பின்னங்கட்கும், மாவுக்கும் (இருபதில் ஒரு பங்கு), காணிக்கும் (எண்பதில் ஒரு பங்கு), முந்திரிக்கும் (முந்நூற்றிருபதில் ஒரு பங்கு) அதில் வாய்பாடுகள் இருந்தன. நிலமளக்கவும் நெல்லளக்கவும் பொன் நிறுக்கவும் அவை அன்றாடம் வேண்டப்பட்டன. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்று அளந்தவர்க்கு எட்டாம் வாய்பாடும் பன்னிரண்டாம் வாய்பாடும் உயிர்நிலையாயின. ஓர் உரூபாய்க்கு 16 அணாவாக இருந்த காலத்தில் பதினாறாம் வாய்பாடு கடைத்தெருவிலே வேண்டப்பட்டது. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நூறு காசு முறை வந்தபின் அத்தேவை ஒழிந்தது. அக்காலத்துச் சிறுவன் ஒப்பித்தது அனைத்தும் அவன் தந்தையின் கையிலும் களத்திலும் நடந்துகொண்டிருந்தது. அவன் ஒப்பித்தலுக்குப் பொருள் வெளியே இருந்தது. இன்று நாம் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு களத்தை நீக்கிவிட்டோம். வெறும் நெட்டுருவென்று நாம் பழிப்பது இவ்வாறு நேர்ந்த குறையே.

எண்சுவடியார் ஒவ்வொரு வாய்பாட்டின் முடிவிலும் அதன் தொகைகளையெல்லாம் கூட்டிய பேரெண்ணையும் வைத்தனர். பிழை எங்கேனும் புகுந்திருப்பின் அக்கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். ஒன்றுமுதல் பத்துவரை கூட்டினால் 55; ஆதலின், ஏழாம் வாய்பாட்டைப் பத்துவரை கூட்டினால் 55இன் ஏழு மடங்காகிய 385 வருதல் வேண்டும். கற்றதைத் தானே சோதித்துக்கொள்ளும் இவ்வழக்கம் இன்றும் மேற்கொள்ளத் தக்கது.

பழைமை என்பதனால் யாவற்றையும் போற்றுதல் கூடாது. அத்திண்ணைகளில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகட்கும் பெண்மக்கட்கும் இடம் அரிதாயிருந்தது. கயிற்றிலே தொங்கவிடுங் கோதண்டம் முதலிய கொடுந்தண்டனைகளும் அங்கே இருந்தன. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை உடலாலும் உள்ளத்தாலும் வருத்துதலை விலக்கியுள்ளது. சட்டம் விலக்கியதோடு அறிவும் விலக்குகின்றது. அஞ்சிய உள்ளம் அறிந்ததையும் இழக்கும். பிரம்பை நோக்கிய கண்ணுக்கு ஆறெட்டு எத்தனை என்பது தோன்றாது. பிரம்பினால் வாய்பாடு கற்றோம் என்னும் பெரியோர், அப்பிரம்பினால் பள்ளியை விட்டோடிய தம் தோழரைக் கணக்கிற் சேர்த்திலர்.

அங்ஙனமாயின், கற்பிக்கும் முறை யாது? முதற்கண் கையும் கண்ணும் கற்கவேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. நம் முற்றங்களில் நாள்தோறும் இடப்படும் புள்ளிக் கோலமே பெருக்கலின் படம். வரிசைக்கு ஐந்து புள்ளியாக மூன்று வரிசை வைத்தால் மூவைந்து. பக்கம் மாறி நின்று நோக்கினால் அதுவே ஐம்மூன்று. இரண்டும் பதினைந்தே என்பதை ஒருவரும் சொல்லாமலே சிறுமி கண்டுகொள்வாள். பல்லாங்குழிப் பலகையில் வரிசைக்கு ஏழாக ஈரேழு பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து முத்தாக இட்டால் எழுபது முத்துக்கள். ஆட்டம் தொடங்குதற்கு முன்னரே அங்கொரு பெருக்கல் முடிந்துவிடுகின்றது. இவ்வாறு கண்டபின் ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஒவ்வோரடியும் ஒரு படத்தை நினைப்பூட்டும்.

இரண்டாவது, சுமையைக் குறைத்துக் காட்டவேண்டும். ஒன்றுமுதல் பத்துவரை பத்து வாய்பாடுகளையும் சுவரில் தொங்கவிட்டு, "இந்நூறும் உனக்குரியன" என்றால் எந்தச் சிறுவன் அஞ்சான்? உண்மையில் அவை நூறல்ல. கோலப் புள்ளிகளைத் திருப்பிப் பார்த்த பிள்ளைக்கு நூறும் 55 ஆகும். ஒன்றாம் வாய்பாடும் பத்தாம் வாய்பாடும் கற்பியாமலே வருவன. அவற்றை நீக்கினால் 36. இரண்டாம் வாய்பாடு இரட்டித்தல்; ஐந்தாம் வாய்பாடு கைவிரல்; இவற்றையும் நீக்கினால் 21. ஒன்பதாம் வாய்பாடோ பத்தாம் வாய்பாட்டில் ஒரு தரம் குறைத்தலே: எழுபதில் ஏழு போக அறுபத்துமூன்று. அதனை நீக்கினால் 15. நான்காம் வாய்பாடு இரட்டித்ததை மீண்டும் இரட்டித்தல். அதனையும் நீக்கினால் 10. அப்பத்தனுள் மும்மூன்று, ஆறாறு, ஏழேழு, எட்டெட்டு என்னும் நான்கும் சதுரக் கோலங்களாய் எளிதில் நினைவில் நிற்பன. எஞ்சுவன ஆறே: மூவாறு, மூவேழு, மூவெட்டு, ஆறேழு, ஆறெட்டு, ஏழெட்டு. மூவேழு இருபத்தொன்று என்றறிந்தவன் அதனை இரட்டித்தால் ஆறேழு நாற்பத்திரண்டு. நூறு என்று அஞ்சிய பிள்ளை ஆறு என்று கேட்டு நகைக்கும். அந்நகையே கல்வியின் தொடக்கம்.

மூன்றாவதாகக் கூறப்புகுவது தமிழ் மாணவனாகிய எனக்கு நெருங்கியது. நம் மொழியின் எண்ணுப்பெயர்களே ஒரு கணக்கு நூல். இருபது என்பது இரண்டாகிய பத்து. முப்பது மூன்றாகிய பத்து. ஆகவே நூறுவரை எண்ணத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை பத்தாம் வாய்பாட்டைத் தன்னையறியாமலே கற்றுவிட்டது. தொண்ணூறு ஒன்றே முறை மாறி நிற்கும். அதன் புணர்ச்சியைத் தொல்காப்பியரும் நன்னூலாரும் தனியே எடுத்து விதித்தமையும் அதனாலேயே. பதினைந்து என்பது பத்தும் ஐந்தும் என விரியும் உம்மைத்தொகை, அது கூட்டல். இருபது என்பதோ பண்புத்தொகை, அது பெருக்கல். இருபத்தைந்து என்னும் ஒரு சொல்லிலே பெருக்கல் முன்னும் கூட்டல் பின்னுமாக இரண்டும் அமைந்துகிடக்கின்றன. தேர்வுக்காக நாம் உருவேற்றும் தொகையிலக்கணம் ஏழு அகவைக் குழந்தையின் நாவிலே நடமாடுதல் வியப்பன்றோ!

வாய்பாட்டுச் சொற்களையும் காண்மின். ஈரைந்து, மூவைந்து என்புழி முன்னின்ற ஈர், மூ என்பன எத்தனை தரம் என்பதையும், பின்னின்ற ஐந்து எதனை என்பதையும் தெளிவுற உணர்த்துகின்றன. ஈரேழு உலகம் என்று பாட்டி கூறக்கேட்ட பிள்ளைக்கு ஈரேழு பதினான்கு புதிதன்று. ஆயினும், ஆசிரியர் விழிப்பாயிருக்கவேண்டிய ஓரிடமும் உண்டு. உலக வழக்கில் நாலைந்து பேர், ஏழெட்டு நாள் என்றால் நாலோ ஐந்தோ, ஏழோ எட்டோ என்பது பொருள். அதே ஏழெட்டு வாய்பாட்டில் ஐம்பத்தாறாகின்றது! இக்கட்டுரையின் தொடக்கத்திலும் ஏழெட்டு அகவை என்றெழுதினேன். ஐம்பத்தாறு அகவையென்று எவரும் கொண்டிரார். பெரியோர்க்கு இடம் நோக்கிப் பொருள் விளங்கும், குழந்தைக்கு விளங்காது. ஆதலின், முதலில் "ஏழு தரம் எட்டு" என்று விரித்துச் சொல்லி, பின்னர் "ஏழெட்டு" என்று சுருக்குதல் நன்று.

இவ்வளவு துணை நம் மொழியில் இருப்பவும், இன்று ஊர்தோறும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் எழும் ஒலி யாது? "டூ திரீஸா சிக்ஸ், டூ போர்ஸா எயிட்" என்பதே. இதனில் அந்த "ஸா" யாதென்று வினவினால் ஒப்பிக்கும் பிள்ளை விழிக்கின்றது. "திரீஸ் ஆர்" என்னும் இரு சொற்கள் குழைந்து, பொருளிழந்து, ஓரொலியாய் எஞ்சிய எச்சம் அது. மூன்றுகள் இரண்டு ஆறாகும் என்னும் பொருள் அவ்வொலியிலிருந்து அக்குழந்தைக்குப் புலனாதல் அரிது. ஆங்கிலம் கற்றலை யான் வெறுப்பேனல்லேன், அது வேண்டும், நன்றாகவே வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு எண்ணின் முதற்பொருள் தமிழில் விளங்கட்டும்; பின்னர் அதே பொருளை ஆங்கிலச் சொற்களாற் கூறுதல் ஒரு திங்களின் வேலை. பொருள் விளங்காத மொழியில் முதலில் ஒப்பித்துவிட்டு, பிறகு பொருளைத் தேடுதல் இரட்டிப்புத் துன்பம்.

நான்காவது, ஓசையை இழிவாகக் கருதலாகாது. பொருளறிந்தபின் பலகால் சொல்லுதலும் வேண்டும். பாடற்குழுவிற் பயின்றார் அனைவரும் இதனை அறிவர். ஞானப்பாட்டின் பொருளை உணர்ந்தவனும், இராகத்தோடு பலமுறை பாடிய பின்னரே அதனை ஏட்டின் உதவியின்றிப் பாடுகின்றான். அவ்வாறே மூவேழு இருபத்தொன்று என்பது நினையாமலே நாவில் எழும்வரை சொல்லப்படல் வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் போதும்; ஒரு நாளில் ஒரு மணி நேரம் வருத்துதலினும் அது பயன்றரும். வரிசையாகச் சொன்னபின் இடையிட்டும் தலைகீழாகவும் வினவுதல் வேண்டும். இல்லையேல், ஏழெட்டை அறியப் பிள்ளை ஓரெட்டிலிருந்து ஏணியேறி வரும்.

பெரிய வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கேட்க ஆசிரியர்க்கு நேரம் ஏது என்பார்க்கு நம் நாட்டு வரலாறே வழி காட்டும். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் சாலையின் மேற்பார்வையை ஏற்ற ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவர், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மூத்த மாணாக்கரைக்கொண்டு இளையாரைப் பயிற்றும் முறையையும் வகுத்தார். 1797இல் அதனை நூலாக இலண்டனில் வெளியிட்டார். மதராஸ் முறை என்னும் பெயரோடு அது பல நாடுகளிற் பரவியது. நம் திண்ணைச் சட்டாம்பிள்ளை கடல் கடந்த வரலாறு இது! ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொருவன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரின் வாய்பாட்டை நாளும் கேட்பானாயின், கேட்பவனுக்கும் அது உறுதிப்படும். சொல்பவர்க்கும் அச்சம் இராது.

தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்னுந் திட்டம் ஆடலும் பாடலும் செயலுமாகத் தொடக்க வகுப்புப் பிள்ளைகட்குக் கணக்கைக் கற்பிக்க முயன்றது, அந்நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும், திட்டம் தாளில் இருக்கும். குழந்தை திண்ணையில் இருக்கும். இரண்டையும் இணைப்பவர் பொறுமையுள்ள ஒருவரே. நம் கல்லூரியிலிருந்து ஆசிரியப் பணிக்குச் செல்வார் பலர். முன்னாள் மாணவருள் தலைமையாசிரியராய் விளங்குவாரும் பலர். ஞாயிறு பள்ளியிலும் மாலை வகுப்புகளிலும் தொண்டு செய்யும் தோழரும் நம்மிடையே உளர். வாய்பாடு கற்பித்தலை மேதகு கல்வியாளர்க்கு ஏலாத சிறுபணியென்று நாம் எண்ணாதிருப்போமாக. ஒரு பிள்ளை "கணக்கு எனக்கு வரும்" என்று நம்பத் தொடங்குமிடம் அதுவே.

எத்தனை தரம் மன்னிக்கவேண்டும் என்று வினவிய பேதுருவுக்கு ஆண்டவர் தந்த விடையிலும் ஒரு பெருக்கல் உண்டு. நம் தமிழ் வேதாகமம் அதனை ஏழெழுபது என்று வழங்குகின்றது. 490 என்று எண்ணி நிறுத்துதற்கு அது கூறப்படவில்லை என்பதை யாவரும் அறிவோம். ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று பத்தாம் முறையும் பிழைத்துச் சொல்லும் சிறுவன் எதிரே அமரும் ஆசிரியர்க்கு அவ்வாய்பாடே முதலில் மனப்பாடம் ஆதல் வேண்டும்.